அறை எடுத்தவன் விருந்தாளி, எடுக்காதவன் குடிகாரன்

குடிக்கிறவர்களைத் தமிழ்நாட்டுச் சட்டம் மூன்று வருணமாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஓட்டல் பாரில், மங்கலான விளக்குக்கு அடியில், வறுத்த முந்திரியோடு குடிப்பவர், உரிம வகைப்படி எஃப்.எல்.3. மனமகிழ் மன்றத்தில் உறுப்பினர் அட்டையோடு குடிப்பவர் எஃப்.எல்.2. அரசின் டாஸ்மாக் கடை வாசலில் வெயிலில் நின்று, பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் பாக்கெட்டைக் கடித்து ஊற்றி, முகத்தைச் சுளித்தபடி ஒரே மடக்கில் இறக்குகிறவருக்கு எண் ஏதும் இல்லை. முதலாமவர் விருந்தாளி, இரண்டாமவர் உறுப்பினர், மூன்றாமவர் சமூகப் பிரச்சினை. மூன்று பேரின் கல்லீரலும் ஒரே மாதிரிதான் வீங்குகிறது. சட்டப் புத்தகத்தில் கல்லீரலுக்குப் பிரிவு இல்லாததால் அது யார் கண்ணிலும் படவில்லை.

வள்ளுவர் விருந்தோம்பலை 9ஆம் அதிகாரத்தில் வைத்தார், கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரத்தில் வைத்தார். நடுவே இத்தனை அதிகாரம் இருப்பதால் இரண்டும் முட்டிக்கொள்ளாது என்று நினைத்திருப்பார் போலும். நம் அதிகாரிகள் இரண்டையும் ஒரே அரசாணையில் சேர்த்துவிட்டார்கள். காசுள்ளவனுக்கு ஊற்றினால் அது 9, கூலிக்காரனுக்கு ஊற்றினால் அது 93. இந்தச் சமரசத்தைக் கொண்டாடும் விதமாகத் திருவள்ளுவர் தினத்தன்று கடைகளுக்கு விடுமுறை.

சட்டப்படி பார்த்தால் இது இன்னமும் மதுவிலக்கு மாநிலம்தான். 1937ல் ராஜாஜி சேலத்தில் நடைமுறைப்படுத்திய மதுவிலக்குச் சட்டத்தை யாரும் குழிதோண்டிப் புதைக்கவில்லை. 1971ல் தளர்த்தினார்கள், 1974ல் இறுக்கினார்கள், 1981ல் மறுபடி தளர்த்தினார்கள், 2003ல் சில்லறைக் கடைகளை அரசே எடுத்துக்கொண்டது. சட்டத்தின் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆக, குடிக்கக் கூடாது என்பது விதி. உரிமம் என்பது விலக்கு. விதிக்கு வெளியே கால் வைக்கிற அந்த விலக்கு யாருக்கு, எந்த வாசல் வழியாகக் கிடைக்கிறது என்பதுதான் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கும் கூத்து. அதிலும் தலைசிறந்த காட்சி 2016 டிசம்பருக்குப் பிறகு அரங்கேறியது. மேடை இந்தியா முழுதும் பரவியிருந்தாலும் கதை தொடங்கிய இடம் நம் ஊர். வழக்கின் பெயரே ‘தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு’.

நெடுஞ்சாலையோரக் கடைகளை அகற்றச் சொல்லி வழக்கறிஞர் பாலு சென்னை உயர் நீதிமன்றம் போனார். கடைகளைக் காப்பாற்றத் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. லாரியும் பேருந்தும் பறக்கிற சாலையின் ஓரத்தில் சாராயம் விற்கும் உரிமைக்காக ஒரு மக்கள் நல அரசு டெல்லி வரை போய் வாதாடியது என்பதை வருங்கால மாணவர்கள் பாடப்புத்தகத்தில் படித்தால் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். தீர்ப்புக்கு முந்தைய ஆண்டான 2015ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 5,01,423 விபத்துகள், 1,46,133 சாவுகள் என்று மத்திய அரசே கணக்குக் கொடுத்திருந்தது. 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பு வந்தது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் விளிம்பிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது. கடை சாலையிலிருந்து கண்ணில் படக் கூடாது. விளம்பரப் பலகையும் கூடாது. மேல்முறையீட்டுக்குப் போன தமிழ்நாடு அரசுக்கு இருந்ததும் போயிற்று. கூடவே நாடு முழுவதும் இருந்த ஓட்டல்காரர்களுக்கும் போயிற்று.

அங்கேதான் பிரச்சினை பெரிதானது. டாஸ்மாக் கடை மூடப்பட்டால் அது சமூக நீதி. நட்சத்திர ஓட்டலின் பார் மூடப்பட்டால் அது பொருளாதாரப் பேரழிவு. சுற்றுலா செத்துவிடும், வேலைவாய்ப்பு போய்விடும், வெளிநாட்டு விருந்தினர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று தொலைக்காட்சி விவாதங்களில் கண்ணீர் வழிந்தது. விருந்தினர் வருவது மாமல்லபுரச் சிற்பத்தைப் பார்க்கவா, பாரில் இருக்கும் பாட்டிலைப் பார்க்கவா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இந்த உத்தரவு சில்லறைக் கடைகளுக்குத்தான், ஓட்டல் பார்களுக்குப் பொருந்தாது என்று அன்றைய அட்டர்னி ஜெனரல் முகுல் ரோத்தகி கருத்தே எழுதிக் கொடுத்தார். கடையில் வாங்கிக் குடித்தவன் ஓட்டினால் வண்டி மோதும், ஓட்டலில் உட்கார்ந்து குடித்தவன் ஓட்டினால் மோதாது என்ற விஞ்ஞானம் அந்தக் கருத்துக்குள் ஒளிந்திருந்தது. 2017 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விஞ்ஞானத்தை ஏற்க மறுத்தது: ஓட்டலும் உணவகமும் பாரும் அடக்கம். 20,000 பேருக்கு மிகாத ஊர்களுக்கு மட்டும் 500 என்பது 220 மீட்டராகக் குறைந்தது. சிக்கிமும் மேகாலயாவும் மலைச்சரிவைக் காட்டித் தப்பித்தன.

முதல் தீர்ப்பு வந்த சில மாதங்களிலேயே ஆட்சியாளர்கள் விழித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட ஐந்து ஆண்டு எடுத்துக்கொள்ளும் நிர்வாகம், பாரைக் காப்பாற்றும் வேலை என்றதும் ஐந்து மாதம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. கடையை நகர்த்துவதுதானே கஷ்டம், சாலையை நகர்த்திவிடலாமே! சண்டிகரில் மாநில நெடுஞ்சாலைகளுக்கு ஒரே அறிவிக்கையில் ‘மாவட்டப் பெருஞ்சாலை’ என்று நாமகரணம் நடந்தது. ராஜஸ்தான், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் என்று வரிசையாகப் பலரும் அந்தப் பாதையில் இறங்கினார்கள். நேற்று இரவு நெடுஞ்சாலையாக இருந்தது இன்று காலை தெருவாகிவிட்டது. தார் அதே தார், குழி அதே குழி, எதிரே வரும் லாரியும் அதே லாரி. அந்த லாரிக்காரருக்குத் தான் இப்போது தெருவில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. தமிழ்நாடும் நகர எல்லைக்குள் வரும் சாலைகளை உள்ளாட்சிகளின் தலையில் கட்டப் பார்த்தது. அப்படி வகைமாற்றிய சாலைகளில் புதுக் கடை திறக்க உயர் நீதிமன்றம் தடை போட வேண்டியிருந்தது. சாலை போடக் காசில்லாத நகராட்சிகளுக்குச் சாலையைத் தானமாகக் கொடுக்கும் தாராளம் அப்போதுதான் ஆட்சியாளர்களுக்குப் பொங்கி வந்தது.

ஆனால் கற்பனைத் திறனுக்குப் பரிசு கொடுப்பதென்றால் கேரளத்து வடக்குப் பறவூருக்குத்தான் கொடுப்பேன். அங்கே ஒரு பார், அளந்து பார்த்தால் 500 மீட்டருக்குள் வருகிறது. உரிமையாளர் சொந்த நிலத்தில் வேலி கட்டி, அதற்குள் வளைத்து வளைத்து நடைபாதை போட்டார், திருப்பதி தர்ம தரிசன வரிசை மாதிரி. தூரத்தை நடக்கும் வழியாகத்தானே அளக்க வேண்டும்? அளந்தார்கள். 500 மீட்டரைத் தாண்டியது. கதவு திறந்தது. குடித்த பிறகு மனிதன் வளைந்து வளைந்து நடப்பதுதான் உலக வழக்கம். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, குடிப்பதற்கு முன்பே அப்படி நடந்த பெருமை அந்த ஊர்க்காரர்களுக்கு உண்டு. சிரித்து முடித்துவிட்டீர்களா? இனிக் கொஞ்சம் கோபப்படலாம். அந்த வேலிக்குள் நடந்தது ஒரு முதலாளியின் குறும்பு மட்டும் இல்லை. ஒரு லட்சத்துச் சொச்சம் பிணங்களைக் கண்டு பதறி எழுதப்பட்ட உத்தரவு, நாட்டின் நிர்வாகக் கையில் வந்து சேர்ந்ததும், இன்ச் டேப் பிரச்சினையாகச் சுருங்கிவிட்டது. குடித்தவன் சாவியைக் கையில் எடுக்கிறானா என்ற கேள்வி மறைந்து, வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது.

பிறகு நீதிமன்றமும் களைத்துப்போயிற்று. நகராட்சி எல்லைக்குள் இருக்கும் உரிமம் பெற்ற இடங்களுக்கு உத்தரவு பொருந்தாது என்று 2017 ஜூலையில் விளக்கம் வந்தது. 2018 பிப்ரவரியில், போதுமான அளவு வளர்ந்த ஊராட்சிகளுக்கும் அந்த விலக்கு உண்டா என்பதை மாநில அரசே முடிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். வளர்ச்சியை எதைக் கொண்டு அளப்பது என்பதில் நம் அரசுக்கு எப்போதுமே குழப்பம் இருந்ததில்லை.

இதற்கு நடுவே நம் ஊர்க் கடைகள் என்ன ஆயின? சுமார் 3,300 டாஸ்மாக் கடைகள் நெடுஞ்சாலையிலிருந்து எழுந்து, பெட்டி படுக்கையோடு ஊருக்குள் நடந்தன. குடியிருப்புக்கு நடுவே, வயல் வரப்பின் மேலே, பெண்கள் தண்ணீர் எடுக்கப் போகும் பாதையிலே. நெடுஞ்சாலையில் போகிறவன் கண்ணில் படக் கூடாது என்றார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை கண்ணில் பட்டது. கோயில், பள்ளிகளிலிருந்து நகரத்தில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் என்று டாஸ்மாக்குக்கென்று தனியாக ஒரு டேப் உண்டு. வணிகப் பகுதி என்று முத்திரை குத்திய இடத்தில் அந்த டேப்பும் நீளாது. பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். பாட்டிலை உடைத்தார்கள், ஷட்டரை இழுத்து மூடினார்கள். 2017 ஏப்ரலில் திருப்பூர் பக்கம் சாமளாபுரத்தில், கடை வேண்டாம் என்று சொன்ன ஒரு பெண்ணின் கன்னத்தில் உயர் காவல் அதிகாரி ஒருவர் பளாரென்று அறைந்ததை நாடே காணொளியில் பார்த்தது. எந்த நட்சத்திர ஓட்டல் பாருக்கு எதிராகவாவது நின்றவர் இப்படி அறை வாங்கியதாக நினைவிருக்கிறதா? அங்கே ‘அறை’ என்றால் வேறு, அதற்கு வாடகை உண்டு.

இத்தனை கலவரத்துக்குப் பிறகு குடி குறைந்திருக்க வேண்டுமே. டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 2016–17ல் 26,995 கோடி ரூபாய். பாதிக் கடைகள் இடம்பெயர்ந்து திண்டாடிய 2017–18ல் 26,797 கோடி. மொத்த நாட்டையும் கிடுகிடுக்க வைத்த ஒரு தீர்ப்பு கஜானாவில் ஏற்படுத்திய கீறல் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அதற்கு அடுத்த ஆண்டே 31,000 கோடியைத் தாண்டிவிட்டது. குடிக்கிறவர்களின் கடமை உணர்ச்சியை நினைத்தால் மெய்சிலிர்க்கிறது. கடை எந்தத் தோப்புக்குள் போனாலும் தேடிப் போய் வரி கட்டிவிட்டு வருகிறார்கள். இந்த அர்ப்பணிப்பு வருமானவரி கட்டுகிறவர்களிடம் உண்டா?

நட்சத்திரத்துக்கு வருவோம். நட்சத்திரத்தை வைத்துக் குடியை அளக்கும் கலையில் கேரளம் நமக்குக் குரு. 2014 ஏப்ரலில் உம்மன் சாண்டி அரசு, தரமில்லை என்று சொல்லி 418 பார்களின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. ஆகஸ்டில் இன்னும் மேலே போய், இனி ஐந்து நட்சத்திர ஓட்டலில் மட்டும்தான் பார் என்றது. நான்கு நட்சத்திரத்தில் குடித்தால் குடும்பம் சிதையும். ஐந்தாவது நட்சத்திரம் உதித்ததும் அந்த தோஷம் நிவர்த்தி. ஜோசியர்கள்கூட இவ்வளவு துணிச்சலாகப் பலன் சொன்னதில்லை. ஐந்து நட்சத்திரத்தைத் தனி வகையாகப் பிரித்தது செல்லும் என்று 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. அதற்குள் பார் உரிமத்துக்கு லஞ்சம் என்ற புகாரில் நிதியமைச்சர் கே.எம். மாணி பதவி விலகியிருந்தார். ஆட்சி மாறியது, 2017ல் மூன்று நட்சத்திரமும் புனிதமடைந்தது. கேரளத்துக் கல்லீரலுக்கு அந்த மூன்று ஆண்டுகளில் என்ன ஆயிற்று என்று கேட்டால் சுற்றுலாத் துறையைக் கைகாட்டுவார்கள்.

குஜராத் இன்னும் நேர்மையானது. காந்தி பிறந்த மண், மாநிலம் உருவான 1960 முதல் மதுவிலக்கு. வெளி மாநிலத்தவர் அடையாள அட்டையைக் காட்டினால் அனுமதிச் சீட்டு, ஓட்டலிலேயே பெர்மிட் கடை. உள்ளூர்க்காரருக்கு உடம்பு சரியில்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் ‘ஆரோக்கிய’ அனுமதி. நாம் நோய் வருவதற்காகக் குடிக்கிறோம், அவர்கள் நோய் தீருவதற்காகக் குடிக்கிறார்கள். 2023 டிசம்பரில், காந்தியின் பெயரைத் தாங்கிய காந்திநகருக்குப் பக்கத்தில் கிஃப்ட் சிட்டி என்ற நிதி நகரத்துக்குள் மட்டும் ஓட்டல், உணவகங்களில் ஊற்றலாம் என்று விலக்கு வந்தது. அப்போதைய விதிப்படி அங்கே வேலை பார்ப்பவர் குடிக்கலாம், அவரைப் பார்க்க வந்த விருந்தாளியும் அவர் முன்னிலையில் குடிக்கலாம். அந்தக் கட்டடத்துக்குச் செங்கல் சுமந்தவர் குடித்தால் கைது.

தமிழ்நாடு இந்த இரண்டு பள்ளிகளிலும் படித்துத் தேறிய மாணவன். 2023 ஏப்ரலில் ஒரு திருத்தம் வந்தது: திருமண மண்டபம், விளையாட்டு மைதானம், மாநாட்டு அரங்கம் எங்கும் சிறப்பு உரிமம் வாங்கி மது பரிமாறலாம். தாலி கட்டும் இடத்தில் தண்ணியா என்று ஊர் கொதித்ததும், மண்டபத்தை மட்டும் அவசரமாக அடித்துவிட்டு, சர்வதேச, தேசிய நிகழ்ச்சிகளுக்குத்தான் என்றார்கள். தேசிய அளவில் நடந்தால் போதை ஏறாதோ என்னவோ. எதிர்த்து வழக்குப் போட்டவர் அதே பாலு. இந்த மனிதர் இல்லாவிட்டால் மதுவிலக்குத் துறைக்குச் சட்டம் ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

அதே ஆண்டு ஜூனில் 500 டாஸ்மாக் கடைகளை மூடினார்கள். 2016ல் ஜெயலலிதா 500, 2017ல் எடப்பாடி பழனிசாமி 500, 2023ல் திமுக அரசு 500. எந்தக் கட்சி வந்தாலும் இந்த எண் மட்டும் மாறுவதில்லை. நெடுஞ்சாலை மீட்டரும் 500தான். இப்படி மூடும் கையே இன்னொரு பக்கம் மனமகிழ் மன்றங்களைத் திறக்கிறது. மன்றம் என்றால் கேரம் போர்டு இருக்கும், செய்தித்தாள் கிடக்கும், உறுப்பினர்கள் மாலையில் கூடி மனம் மகிழ்வார்கள் என்பது காகிதத்தில் உள்ளது. நேரில் போனால் வாசலிலேயே உறுப்பினராகிவிடலாம். இரண்டாவது குவார்ட்டர் வருவதற்குள் மூத்த உறுப்பினர். டாஸ்மாக் வேண்டாம் என்று ஊரே மனு கொடுத்து மூட வைத்த தெருவுக்குள், பெயர்ப் பலகையை மாற்றிக்கொண்டு மன்றம் வருகிறது. ஓட்டல் கதையும் இதுதான். பல ஊர்களில் கீழே பார் இருக்கிறது என்பதற்காகத்தான் மேலே பத்து அறைகள் இருக்கின்றன. அந்த அறைகளின் சாவி எங்கே என்று மேலாளருக்கே தெரியாது. அறைக்கு வரும் விருந்தினருக்காகப் பார் என்று கொடுத்த உரிமம், பாருக்காக அறை என்று தலைகீழாக நிற்கிறது. ஆய்வுக்கு வரும் அதிகாரி அறைக் கதவைத் திறந்து பார்ப்பதில்லை. உள்ளே தூசி, அவருக்கு அலர்ஜி.

விலையிலும் இதே மரியாதைதான். டாஸ்மாக்கில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கினால் அது கொள்ளை. ஓட்டலில் நாலு மடங்கு வைத்து, அதன் மேல் ஒரு தொகையையும் சேர்த்தால் அது சேவைக் கட்டணம்.

அந்தச் சேவையின் உச்சத்தை இரவு பதினொரு மணிக்கு எந்தப் பெரிய ஓட்டல் வாசலிலும் பார்க்கலாம். ஐந்தாறு பெக் முடித்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறார். சீருடைப் பையன் ஓடிப் போய்க் காரைக் கொண்டு வருகிறான், கதவைத் திறந்துவிடுகிறான், சல்யூட் அடிக்கிறான், சாவியைக் கையில் கொடுக்கிறான். நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு. முதல் முறைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். அந்தப் பிரிவின்படி குற்றவாளி ஓட்டியவர் மட்டும்தான். ஊற்றிக் கொடுத்த கை, பில் போட்ட கை, சாவி கொடுத்த கை எதற்கும் அந்தப் பிரிவில் இடமில்லை. கட்டட அனுமதி கேட்டு வரும் ஓட்டலிடம், வண்டி நிறுத்த இடம் எங்கே என்று மட்டும் அரசு கறாராகக் கேட்கிறது. குடிக்க வருகிறவன் வண்டியில்தான் வருவான், வண்டியில்தான் போவான் என்பது அரசுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கட்டம் போட்டு இடம் ஒதுக்கச் சொல்கிறது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டர் தள்ளி இருந்தால் அந்தக் கார் பறந்தா போகும்? அதே நெடுஞ்சாலைக்குத்தான் வரும், அரை நிமிடம் தாமதமாக.

இந்த நாட்டில் மது விற்பனையை ஒழுங்குபடுத்துவது என்றால் பாட்டில் எங்கே நிற்கலாம் என்று முடிவு செய்வது. மனிதன் எந்த நிலையில் வெளியே போகிறான் என்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அவர்கள் எந்த ஓட்டலின் விருந்தினரும் இல்லை, எந்த மன்றத்தின் உறுப்பினரும் இல்லை. டாஸ்மாக் பாட்டிலுக்கே காசு பற்றாத கூலிகள். காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருந்த அந்த இடத்தில் டேப் பிடிக்க யாரும் வரவில்லை. செத்த பிறகு தலைக்குப் பத்து லட்சம் கொடுத்தார்கள். உயிரோடு இருந்தபோது எண்ணில் சேராதவர்களுக்குக் கிடைத்த ஒரே எண் அது.

2024–25ல் டாஸ்மாக் வருமானம் 48,344 கோடி ரூபாய். அடுத்த தேர்தலுக்கு முன்பும் யாராவது ஒருவர் மேடையேறி, 500 கடைகளை மூடுகிறோம் என்று அறிவிப்பார். நீங்களும் கைதட்டுவீர்கள், தட்டுங்கள். தட்டி முடித்ததும் அவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: அதே ஆண்டில் எத்தனை மன்றத்துக்கும் எத்தனை ஓட்டலுக்கும் புதிதாக உரிமம் கொடுத்தீர்கள்? தள்ளாடி வரும் விருந்தினர் கையில் கார் சாவியைக் கொடுத்த எத்தனை ஓட்டல்களின் உரிமத்தை ரத்து செய்தீர்கள்? பதில் வரும் வரை மைக்கைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.